முப்பத்துநாலரை மணி நேரத் திங்கட்கிழமை

வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஆறேழு கிலோமீட்டர்தான். சாலைக் கம்போளத்தின் நெரிசலைத் தாண்டிவிட்டால் கிழக்கே கோட்டை, மேற்குக் கோட்டை, ஈஞ்சக்கல், வள்ளக்கடவு, அதற்கப்புறம் கடல். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் தெருக்காரர்களுக்கு வெளியூர் என்றால் நெடுங்காலம் தம்பானூர் ரயில் நிலையம்தான். ஆகாய விமானமெல்லாம் கொட்டாரத்துச் சமாசாரம். கர்னல் ஜி. வி. ராஜாவின் முயற்சியில் 1932-இல் தொடங்கிய இடம் அது. 1935 அக்டோபர் 29 அன்று டாடா கம்பெனியின் தபால் விமானம் பம்பாயிலிருந்து முதல் தடவையாக இங்கே வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். மகாராஜாவுக்கு வைஸ்ராய் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து தபால் பையில் இருந்தது. கூட வந்த பயணிகள் இருவர், இருவருமே வளர்ந்த ஆண்கள். சௌகரியமாக வந்திருப்பார்கள்.

எங்கள் தெருவுக்குப் பயணச் சரித்திரம் புதிதல்ல. காந்தளூர்ச் சாலையில் பெற்ற வெற்றியை ராஜராஜ சோழன் தன் மெய்க்கீர்த்தியில் முதல் வரிசையில் போட்டுக்கொண்டான். அந்தச் சாலை இந்த வலியசாலைதானா என்று சரித்திரக்காரர்கள் தர்க்கம் பண்ணட்டும். எங்கள் தெருவுக்கு அதில் சந்தேகம் கிடையாது, கோவிலின் பெயரே காந்தளூர் மகாதேவர் கோவில். ராஜா வந்தான், வென்றான், கல்லில் வெட்டினான். பெரிய பயணங்களைப் பற்றிய எந்தப் பதிவைப் பார்த்தாலும் ஒரு பொதுக்குணம் தெரியும். வழியில் எந்தக் குழந்தை எங்கே அழுதது, யார் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்பது மட்டும் இராது.

எங்காத்துக்காரரும் அந்த மெய்க்கீர்த்திப் பரம்பரையில் வந்தவர்தான். "அந்தக் காலத்துக் கொழந்தைகள் பிளேன்ல வாயைத் தெறக்காது. ஏறினா எறங்கற வரைக்கும் சமத்தா உக்காந்திருக்கும்" என்பார். பேரக்குழந்தைகளோடு யார் வீட்டில் பெட்டி கட்டினாலும் அங்கே போய் இதைச் சொல்லிவிட்டு வருவார். மஸ்கட்டில் நெடுங்காலம் இருந்தவர் என்பதால் தெருவும் தலையாட்டிக் கேட்கும். அந்தக் காலத்துக் குழந்தைகள் என்று அவர் குறிப்பிடுவது எங்கள் இரண்டையும்தான். அவை வாயைத் திறக்காமல் போனதாகச் சொல்லப்படும் அந்த நாளில், விமானத்தில் அவர் இல்லை.

அது 1988. அவர் மஸ்கட்டின் ரூவியில் வீடு பார்த்துவிட்டு எங்களை வரச் சொல்லி எழுதியிருந்தார். நேராகப் போகும் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. பம்பாய் வழியாக டிக்கெட். மூத்தவனுக்கு நாலு வயது, சின்னவளுக்குப் பதினோரு மாதம். அன்றெல்லாம் குழந்தைக்கென்று தனி பாஸ்போர்ட் அவசியமில்லை. என் பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு பேரும் கையால் எழுதிய இரண்டு வரி. இரண்டு வயது ஆகாததால் சின்னவளுக்குப் பத்து சதவீதக் கட்டணம், மூத்தவனுக்கு அரை டிக்கெட். கணக்குப்படி ஒன்றரைப் பேருக்குச் சற்று மேலே. தூக்கிச் சுமப்பதற்கு எந்தக் கழிவும் இல்லை.

வழியனுப்ப இரண்டு அம்பாசிடர் கார் நிறையத் தெரு வந்தது. பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு எல்லோரும் மேலே ஏறி நின்றார்கள். ஒரு மாமி வசம்பு வளையலைச் சின்னவள் கையில் மாட்டினாள். இன்னொரு மாமி ஒரு சிரப் பாட்டிலைக் காட்டி, "ஏறறத்துக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் குடு, மஸ்கட் வரைக்கும் எழுந்துக்காது" என்றாள். ஜலதோஷத்துக்குக் கொடுக்கிற, தூக்கம் வரவழைக்கிற மருந்து. அந்தக் காலத்துக் குழந்தைகள் பலதின் சமத்துக்குப் பின்னால் இந்த ஸ்பூன் இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்டதுகளுக்கு அந்த வகை மருந்து ஆகவே ஆகாது, மூச்சையே மட்டுப்படுத்தும் என்று இன்றைக்கு டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். சில குழந்தைகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் ஆட்டம்தான் கூடும். என் அம்மா பாட்டிலை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "பால் குடு, போறும். பொன்முடி மலை ஏறறச்சே காது அடைக்கல்லியா, முழுங்கினா தெறந்துக்கும்" என்றாள். அவள் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

உள்ளே போய் உட்கார்ந்ததும் பணிப்பெண் ஒரு தட்டை நீட்டினாள். ஒரு பக்கம் மிட்டாய், ஒரு பக்கம் பஞ்சு உருண்டை. பஞ்சு இரைச்சலுக்கு, மிட்டாய் காதடைப்புக்கு. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கிற குழாய் சிறு குழந்தைகளுக்குக் குறுகலாக, ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கிறது. விமானம் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே வரும். எதையாவது விழுங்கினால்தான் அந்தக் குழாய் திறந்து இரண்டு பக்கமும் சமமாகும். பொன்முடி வைத்தியமும் தட்டு வைத்தியமும் ஒன்றுதான். மூத்தவன் பஞ்சை வாயிலும் மிட்டாயைக் காதிலும் வைத்தான்.

பம்பாய் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. அங்கேதான் பயணம் ஆரம்பித்தது. உள்நாட்டு விமானம் இறங்குவது சாந்தாகுரூஸ்; வெளிநாட்டு விமானம் ஏறுவது சகார். இரண்டுக்கும் ஓடுபாதை ஒன்றுதான், ஆனால் நாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். மஸ்கட் விமானம் ராத்திரிக்கு. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, ட்ராலியில் இரண்டு பெட்டி, தோளில் சம்புடப் பை. ஏத்தங்காய்ப் பொடியில் காய்ச்சின கஞ்சி பிளாஸ்கில், தயிர்சாதம் தூக்கில். துணி நாப்கின்களைக் குழாயடியில் அலசி ட்ராலிக் கைப்பிடியில் உலர்த்தினேன். சகாரின் குளிர்சாதனம் அதற்கு நன்றாக உபயோகப்பட்டது.

அங்கே ஒரு பண்டமாற்றும் நடந்தது. வேலைக்குப் போகிற பிள்ளைகள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், பலருக்கு முதல் பயணம். குடியேற்றப் படிவத்தில் ஆங்கிலத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. "சேச்சி, இதொண்ணு பூரிப்பிச்சு தருமோ?" என்று ஒருவர் வந்தார். ஒரு படிவம் நிரப்பித் தந்தால் பத்து நிமிஷம் குழந்தையை வைத்துக்கொள்வது என்று பேசாமலே ஒரு விலை படிந்தது. கொல்லம், மலப்புறம், ராமநாதபுரம் என்று பல ஜில்லாக்காரர்களின் மடியில் சின்னவள் மாறிமாறி இருந்தாள். அந்தச் சாயங்காலம் எனக்கு இரண்டு கையும் காலியாக இருந்த நேரமெல்லாம் படிவம் எழுதின நேரம்தான்.

விமானத்தில் பின்வரிசைகள் புகைபிடிப்பவர்களுக்கு. எங்கள் இடம் அதற்கு நேர் முன்னால். ஒதுக்கியிருந்தது இருக்கைகளைத்தானே, புகையை யார் ஒதுக்க முடியும்? மூத்தவன் தயிர்சாதத்தை என் புடவையில் திருப்பித் தந்தான். சின்னவள் அரபிக்கடல் முழுக்கக் கத்தினாள். இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், சொல்லிவைத்த மாதிரி, இரண்டும் தூங்கிப்போயின. சீப் விமான நிலையத்தின் கண்ணாடிக்கு வெளியே அவர் நின்றிருந்தார். இரண்டு தோளிலும் தலை சாய்த்துத் தூங்கும் இரண்டு குழந்தைகளைப் பார்த்தார். "அடடே, என்ன சமத்து!" என்றார். கொள்கை அங்கே பிறந்தது. மஸ்கட் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதால் எனக்கு அன்றைய நாள் 25½ மணி நேரம். சௌக்கியமாக வந்து சேர்ந்தோம் என்று நான் எழுதின கடிதம் வலியசாலைக்குப் போய்ச் சேர அதற்கப்புறம் பல நாள் ஆயிற்று.

இனி, இந்தக் காலம்.

அன்று அரபிக்கடல் முழுக்கக் கத்தினவளுக்கு இப்போது சிகாகோவில் வேலை, இரண்டு குழந்தைகள். பெரியவனுக்கு நாலரை வயது, சின்னதுக்குப் பத்து மாதம். ஊருக்கு வந்திருந்தவர்களில் மாப்பிள்ளை, லீவு முடிந்ததென்று முன்னாலேயே திரும்பிவிட்டார். எத்தனை தலைமுறை ஆனாலும் அப்பாக்கள் முன்னால் போய் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் துணைக்குப் போவதென்று முடிவாயிற்று. எங்காத்துக்காரருக்கு ஏக உற்சாகம். "நான் இருக்கச்சே என்ன கவலை? மஸ்கட்டுக்கும் ஊருக்கும் எத்தனை ஆகாயம் பறந்தவன்!" என்றார். பறந்தது உண்மைதான். தனியாக, ஜன்னலோரத்தில், பேப்பர் படித்துக்கொண்டு.

இப்போது பத்து மாதக் குழந்தைக்கும் சொந்தமாக ஒரு பாஸ்போர்ட், அதுவும் அமெரிக்கப் பாஸ்போர்ட். கூடவே, தாத்தா வீட்டுக்கு வந்துபோக அனுமதிக்கும் ஓசிஐ அட்டை. வெள்ளைப் பின்னணியில், கண் திறந்து, வாய் மூடி, யார் கையும் தெரியாமல் கைக்குழந்தையைப் படமெடுக்கவேண்டும் என்று விதி. கண்ணும் வாயும் ஒன்றுக்கொன்று எதிர்மாறாக இயங்கும் வயது அது.

சாமான்களும் மாறிவிட்டன. நாப்கின் அலச வேண்டாம், டயபர் இருக்கிறது. இடுப்பு வலிக்க வேண்டாம், மார்போடு கட்டிக்கொள்ளும் தூளிப் பை இருக்கிறது. மடக்கும் தள்ளுவண்டி, டேப்லெட், குழந்தைக்குப் பொருந்துகிற ஹெட்போன். எல்லாச் சுமையையும் குறைக்க வந்த சாமான்களைச் சுமக்க மட்டும் மூன்று பேர் வேண்டியிருந்தது. கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்கக் கூடாது, எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்குமாம். 2006-இல் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி ஒன்று பிடிபட்டதிலிருந்து கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது. குழந்தையின் பாலுக்கு மட்டும் விலக்கு உண்டு. சில ஊர்களில் அதையும் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வார்கள். சோதனை செய்தவர் பாட்டிலை நிமிர்த்திப் பார்த்தபோது எங்காத்துக்காரர் தாமாக முன்வந்து பாதியைக் குடித்துவிட்டார். தேசபக்தி.

தொட்டில் விஷயம் வேறு கதை. முன்வரிசைச் சுவரில் மாட்டுகிற தொட்டிலுக்கு எடை வரம்பு சுமார் 10 கிலோ. வந்திறங்கியபோது குழந்தை அதற்குள் அடக்கம். "எலும்பும் தோலுமா இருக்கு" என்று தெருவே தீர்மானித்து, நெய் சாதமும் ஏத்தங்காய்க் குறுக்குமாக ஊட்டி அனுப்பியது. கிளம்புகிற அன்று பெட்டிகளில் எடை வரம்புக்குள் இருந்தது கைப்பெட்டி ஒன்றுதான்.

புறப்பட்டது பங்குனி ஆறாட்டு கழிந்த வாரம். வருஷத்தில் இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப ஸ்வாமி சங்குமுகம் கடலில் நீராடப் போகிற ஊர்வலம் ஓடுபாதையைக் குறுக்கே கடந்துதான் போகும். விமான நிலையம் வருவதற்கு முன்பிருந்தே அது ஸ்வாமி போகிற வழி. சுமார் ஐந்து மணி நேரம் ஒரு விமானமும் இறங்காது, ஏறாது; உலகத்து விமானிகளுக்கெல்லாம் முன்கூட்டியே அறிவிப்புப் போய்விடும். பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தைக் காட்டி, இந்த ஏற்பாட்டைத் தாத்தா பெருமையாக விளக்கியிருந்தார்.

விடியற்காலை விமானம். சர்வதேச முனையம் இப்போது ஓடுபாதையின் மறுகரையில், சாக்கைப் பக்கம். டிக்கெட் இல்லாதவர்களுக்கு வாசலோடு சரி, அதனால் தெரு வரவில்லை. அதற்குப் பதிலாகத் தெருவின் வாட்ஸ்அப் குழு வந்தது. விமானங்களின் இருப்பிடம் காட்டும் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு எங்களை வலியசாலையிலிருந்தே ஓட்டினார்கள். "இப்போ மஸ்கட் தாண்டறேள்" என்று ஒரு மாமா எழுதினார். அன்று பார்வையாளர் மாடத்தில் நின்றவர்கள் இரண்டு நிமிஷத்தில் எங்களைக் கண்ணிலிருந்து தவறவிட்டார்கள். இன்று நாங்கள் எந்தக் கடலுக்கு மேல் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறோம் என்பது தெருவுக்குத் தெரியும். குழந்தையின் டயபர் நிறைந்திருப்பது எங்களுக்கு மட்டும் தெரியும்.

அந்த டயபரை மாற்றுவதற்கு எழுந்தபோது இருக்கை வார் விளக்கு எரிந்தது. அதே சமயம் பேரனுக்கு அவசரம். "கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணா, பிளேன் ஆடறது" என்றார் தாத்தா. "ஸ்வாமிக்கு நிறுத்தினாளே, எனக்கு நிறுத்த மாட்டாளா?" என்றான் அவன். விமானப் போக்குவரத்தைப் பற்றி அவருடைய அனுபவத்தில் இல்லாத முதல் கேள்வி.

நாங்கள் விமானம் மாறிய அபுதாபியில் ஒரு விசித்திரம் உண்டு. 2014 முதல் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் அங்கேயே உட்கார்ந்து சோதனையை முடித்துவிடுகிறார்கள். பாலைவனத்தில் ஒரு கோட்டைத் தாண்டினால் காகிதக் கணக்குப்படி அமெரிக்கா வந்தாயிற்று. மிச்சம் பதினாலு மணி நேரம் பறக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. பிரஜைகளுக்கு ஒரு வரிசை, எங்களுக்கு ஒரு வரிசை. பால் பொடி டப்பா இருந்த பை எங்காத்துக்காரர் தோளில் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு பத்து மாதப் பிரஜை தன் உரிமைக்காக முழக்கமிட்டது. "எதுக்குப் போறீங்க?" என்று அதிகாரி கேட்டதற்கு, ஒத்திகை பார்த்துவைத்த பதிலெல்லாம் மறந்து, இவர் சத்தம் வந்த திசையைக் கையால் காட்டினார். உடனே முத்திரை விழுந்தது.

அடுத்த விமானத்தின் ஜன்னலுக்கு மூடி கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தினால் கண்ணாடியே நீலமாக இருண்டுவிடும், இன்னொன்றை அழுத்தினால் வெளுக்கும். பேரன் பகலையும் இரவையும் மாற்றிமாற்றி உண்டாக்கினான். கடைசியில் சிப்பந்திகள் எல்லா ஜன்னலையும் ஒரேயடியாக இருட்டாக்கிப் பூட்டினார்கள். பயணிகள் தூங்கினார்கள், குழந்தைகள் விழித்தன. உள்ளே காற்றழுத்தம் 1,800 மீட்டர் மலைமேல் இருப்பதுபோல, ஈரப்பதமோ பாலைவனம்போல. மூக்கு வறண்டு, தொண்டை வறண்டு, தூக்கமும் வராத குழந்தை அழாமல் வேறென்ன செய்யும்? மகள் ஒரு மணி நேரம், நான் ஒரு மணி நேரம், அவர் ஒரு மணி நேரம் என்று முறை போட்டோம். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைத் திரை வரைக்கும் போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடந்தார். திருவனந்தபுரத்தில், "கொஞ்சம் கண்டிப்பா இருந்தா சரியாப்போயிடும்" என்றவர் அவர். ஐரோப்பாவுக்கு மேலே "பாவம், காது வலிக்கறதோ என்னவோ" என்றார். கிரீன்லாந்து பக்கம் வந்தபோது ஒன்றுமே சொல்லவில்லை. சட்டைத் தோள்பட்டையில் கஞ்சி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏய், அன்னிக்கு நீ தனியாவா வந்தே?"

"இல்லையே. சமத்தா இருந்த ரெண்டு கொழந்தைகளோட வந்தேன்."

முப்பத்தேழு வருஷமாக நான் காத்திருந்த வாக்கியம் அது என்று இப்போது தோன்றுகிறது. சொன்ன உடனே பெரியவன் வாந்தியெடுத்ததால் ரசிக்க முடியவில்லை.

சிகாகோவில் இறங்கியபோது யாரும் எங்களை ஏனென்று கேட்கவில்லை. சோதனையெல்லாம் அபுதாபியிலேயே முடிந்ததால் உள்ளூர்ப் பயணிகளோடு கலந்து வெளியே வந்தோம். திங்கட்கிழமை விடியுமுன் வலியசாலையை விட்டவர்கள், திங்கட்கிழமை பிற்பகலில் சிகாகோவில். அங்கே கடிகாரம் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். அன்றைய நாளின் நீளம் 34½ மணி நேரம். விமானம் பெரிதாகி, ஊருக்குப் பக்கத்தில் வந்து, கடைசியில் ஒரு தாயின் நாளை ஒன்பது மணி நேரம் நீட்டியிருக்கிறது. வீடு வந்து சேர்ந்தபோது மணி ஆறு. அந்தத் திங்கட்கிழமையில் இன்னும் ஆறு மணி நேரம் பாக்கி. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் காரில் தூங்கிய குழந்தைகள் இரண்டும், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினதுபோல எழுந்து விளையாட்டுச் சாமான்களைக் கவிழ்த்தன.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். வீட்டைத் துடைத்து, ரசம் வைத்து, சாதம் வடித்திருந்தார். தரையில் விளையாடுகிற குழந்தைகளை வீடியோவில் காட்டியபடி வலியசாலையில் இருக்கும் தன் சித்தப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு பிரச்சனையும் இல்லை சித்தப்பா. நாங்க பழக்கியிருக்கற விதம் அப்படி. ரெண்டும் பிளேன்ல சமத்தா இருக்கும்." மறுத்திருக்கக்கூடிய ஒரே ஆண் சாட்சி சோபாவில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெண் சாட்சிகள் இரண்டு பேரும் குளியலறையில், ஒரு சட்டையையும் ஒரு புடவையையும் அலசிக்கொண்டிருந்தோம்.